கடலடியில் வெயில் ஏது?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சற்றே வேகத்தைக் குறைப்பர். சதுரம் சதுரமாக விரிந்த பாத்திகளில் வானம் கிடக்கும். வரப்புகளின் மேல் வெண்ணிற உப்புக் குவியல்கள் நிற்கும். அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவர். அந்தப் பாத்திகளில் நாள்தோறும் நிற்பவர்களின் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிப்பது என் பணி. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அத்துணைப் பழைமையான நெய்தல் நிலத்தில் உப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன்.

பதினோராம் வகுப்பில் கார உலோகங்கள் பற்றிய பாடம் உண்டு. சோடியம் கத்தியால் வெட்டத்தக்க மென்மையுடையது. நீர் பட்டால் சீறி எழுவது. ஆதலால் மண்ணெண்ணெயில் இட்டுக் காக்கப்படுவது. 1807ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பின் வழியே அதனைப் பிரித்தெடுத்தார். இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் சொன்னேன். மாணவர்களும் மனப்பாடம் செய்தார்கள், எழுதினார்கள், மறந்தார்கள். கரும்பலகையில் இருந்த சோடியத்திற்கும் சன்னலுக்கு வெளியே குவிந்திருந்த உப்புக்கும் உறவு உண்டு என்பது அவர்கள் மனத்தில் பதியவே இல்லை.

ஓர் ஆண்டு, பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கதை சொன்னேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869, 1870ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய அறிவியல் புனைகதை அது. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் உலகின் கடல்களையெல்லாம் சுற்றி வருகிறது. அதன் தலைவர் நெமோ. அவர் இந்திய இளவரசர் என்றும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்றும் பின்னர் எழுதிய வேறொரு கதையில் வெர்ன் வெளிப்படுத்துவார். கப்பலை இயக்குவது மின்சாரம். அதற்குத் தேவையான சோடியத்தை நெமோ கடல்நீரிலிருந்தே பிரித்தெடுத்துக்கொள்கிறார்.

“நம் ஊர் உப்பிலா கப்பல் ஓடுகிறது?” என்று முன்வரிசையில் ஒருவன் வியந்தான். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

கதை வகுப்பை ஈர்க்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், அதில் ஓர் இடரும் இருந்தது. “கதையில் வருவதை உண்மையென்று தேர்வில் எழுதிவைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். அது நியாயமான அச்சம். ஆகவே கதையை முடித்ததும், “இது நடக்குமா?” என்று வகுப்பைக் கேட்டேன். பலர் நடக்கும் என்றனர். சிலர் என் முகத்தைப் பார்த்து விடையைத் தேடினர்.

கடைசி வரிசையில் ஒரு மாணவி மெல்ல எழுந்தாள். அவளுடைய தாய் உப்பளத்தில் வேலை செய்பவர். அவள் வகுப்பில் அதுவரை தானாக எழுந்து பேசியதில்லை.

“கடல்நீர் உப்பாக வேண்டுமென்றால் வெயில் வேண்டுமே, ஐயா. கடலடியில் வெயில் ஏது?”

எனக்கு அது தோன்றியதே இல்லை. கடலடிச் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரியை எரித்து நெமோ வெப்பம் பெறுவதாகக் கதையில் வருகிறது என்றேன். அவள் சற்று யோசித்தாள். “அப்படியானால் அந்த நிலக்கரியைக் கொண்டே கப்பலை ஓட்டிவிடலாமே?” என்றாள்.

வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியானது. அனைவரும் கணக்கிடத் தொடங்கினோம். ஒரு கிலோ சோடியத்திற்கு ஏறத்தாழ 2.5 கிலோ உப்பு வேண்டும். அவ்வளவு உப்புக்கு ஏறத்தாழ 95 லிட்டர் கடல்நீர் வேண்டும். வெப்பம் சிறிதும் வீணாகாது என்று கொண்டாலும், அந்நீரை வற்றச் செய்ய ஏறத்தாழ 10 கிலோ நல்ல நிலக்கரி எரிய வேண்டும். உப்பிலிருந்து சோடியத்தைப் பிரிக்கும் செலவு அதற்கு மேல். நிலக்கரி தந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தச் சோடியம் மின்சாரமாகத் திருப்பித் தராது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நெமோவின் கணக்கில் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று அவளைக் கரும்பலகைக்கு அழைத்தேன். பாத்தி பாத்தியாக நீர் ஏறுவதையும் அடர்வதையும் அவள் வரைந்து காட்டினாள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். அடர்த்திமானி 25 டிகிரி காட்டும்போது உப்பு இறங்கும். 30 டிகிரியை நெருங்கினால் எஞ்சிய நீர் கசக்கும். அதனை வடித்துவிட வேண்டும், இல்லையேல் உப்பும் கசந்துபோகும். பின்னப் படிகமாக்கல் என்று பாடநூல் கூறும் முறையை அவள் தாயின் சொற்களில் எங்களுக்கு விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “உன் அம்மாவிடம் இதையும் கேட்டு வா” என்று அடுத்தடுத்துக் கேள்விகளைக் கொடுத்தனுப்பினார்கள்.

நம் இலக்கியத்திற்கும் இத்தகைய கற்பனை புதிதன்று. திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் அரசி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானில் பறக்கவிட்டார். மறு வாரம் அந்தப் பொறியையும் வகுப்பில் விசாரித்தோம். அதனை மேலே தூக்கியது எது? அதன் எடை எவ்வளவு? புனைவை நம்பவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. தாம் அறிந்ததை உரைகல்லாகக் கொண்டு உரசிப் பார்த்தால் போதும் என்பதை மாணவர்கள் கண்டுகொண்டனர்.

பிறகு ஆளுக்கொரு அறிவியல் கதை எழுதச் சொன்னேன். அந்த மாணவி நூலகத்திலிருந்து சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துச் சென்றாள். ஜீனோ என்னும் இயந்திர நாயை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவள் எழுதிய கதையிலும் ஓர் இயந்திரம் வந்தது. உச்சி வெயிலில் உப்பு வாரும் இயந்திரம் அது. தாய் நிழலில் அமர்ந்திருக்கிறார். கால் வெடிப்புகள் ஆறிவிட்டன. வெண்மையின் கூச்சத்தால் கலங்கிய கண்கள் தெளிந்துவிட்டன. மாலையில் கூலி கொடுக்கும் நேரம் வருகிறது. இயந்திரத்திற்குக் கூலி வேண்டாம்; தாய்க்கும் கூலி இல்லை. கதை அங்கேயே நின்றிருந்தது.

“ஏனம்மா முடிக்கவில்லை?” என்றேன்.

“எப்படி முடிப்பதென்று தெரியவில்லை, ஐயா.”

எனக்கும் தெரியவில்லை. அதனால் மதிப்பெண் இடாமல், அக்கதையை வகுப்பின் முன் வைத்தேன். இயந்திரம் யாருக்குச் சொந்தம் என்று ஒருவன் கேட்டான். உப்பளத் தொழிலாளர்கள் கூடி அதனை வாங்கினால் கதை மாறுமே என்றாள் ஒருத்தி. மழைக்காலத்தில் உப்பளம் ஓயும்போது கூலியும் ஓய்கிறதே, அதற்கு அந்த இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்டான் மற்றொருவன். மணி அடித்தும் யாரும் எழவில்லை. நாளைய உலகைப் பற்றிய கதை என்று எண்ணித்தான் அதை வாசிக்கத் தொடங்கினோம். பேசியதெல்லாம் சன்னலுக்கு வெளியே இருந்த இன்றைய வாழ்வைப் பற்றியதாகவே இருந்தது.

புனைகதை பிள்ளைகளைத் தம் ஊரிலிருந்து வெகுதொலைவுக்கு அழைத்துச் சென்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். கடலடி வரை சென்ற அந்தக் கதையோ எங்களை எங்கள் பாத்திகளுக்கே திரும்ப அழைத்து வந்தது.

மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கான படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோரின் தொழில் என்னும் இடத்தில் முந்தைய ஆண்டு ‘கூலி’ என்று எழுதியிருந்த அந்த மாணவி, இம்முறை ‘உப்பு விளைவிப்பவர்’ என்று எழுதியிருந்தாள். கதையின் முடிவை அவள் இன்னும் எழுதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கார உலோகங்கள் பாடத்தை நான் இப்போது ஹம்ப்ரி டேவியிலிருந்து தொடங்குவதில்லை. அவள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.