அப்புச்சியின் காடு

புனே மாநகரை அடுத்து, முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்துள்ளது சாங்வி. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகள் வீட்டில் வாழும் முதியவர் ஒருவரை, அவருடைய பேத்தியும் பேரனும் 'அப்புச்சி' என்று அழைப்பர். கொங்கு நாட்டில் தாயின் தந்தைக்கு வழங்கும் பெயர் அது. அது என்ன சொல் என்று பள்ளித் தோழிகள் வினவினால், 'ஆஜோபா' என்று மராத்தியில் விளக்கம் கூறுவது ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தியின் வழக்கம்.

அப்புச்சி ஆனைமலை அடிவாரத்திலுள்ள சேத்துமடையில் பிறந்தவர். இளமையில், டாப்சிலிப் காட்டிலிருந்து தேக்கு மரம் ஏற்றிவரும் லாரியில் கிளீனராக வேலை பார்த்தார். பின்னர்ப் பிழைப்புத் தேடிப் புனேக்கு வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றார். இப்பொழுது கண்ணழுத்த நோய் அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக அரித்து வருகிறது. நேர் எதிரே ஒரு குழாயின் வழியே பார்ப்பது போலச் சிறிதளவு தெரியும். பக்கங்களில் ஒன்றும் தெரியாது. இழந்த பார்வை மீளாது என்றும், எஞ்சியதைக் காக்கவே மருந்து என்றும் மருத்துவர் கூறிவிட்டார். அன்றிரவு அவர் மகளிடம் ஒன்றே கேட்டார்: "கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை டாப்சிலிப் போய் வர வேண்டும்."

மே மாத விடுமுறையில் நால்வரும் புறப்பட்டனர். இரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. விடியற்காலையில் வண்டி நின்றபோது, பேத்தி சன்னல் வழியே மஞ்சள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "தி-ரு-ப்-பூ-ர்." அவள் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் பயில்பவள். வீட்டிலும் தமிழே பேசுவாள். ஆயினும் வீட்டுத் தமிழ் என்பது சோறு, துணி, பால், மின்கட்டணம் என்ற அளவில் நின்றுவிடுவது. காட்டைப் பற்றிப் பேசுவதற்கு அடுக்குமாடி வீட்டில் என்ன தேவை வந்துவிடப் போகிறது?

தேவை வந்தது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலைப்பாதை ஏறத் தொடங்கியதும், அப்புச்சி அவளைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். "இருபக்கமும் என்னென்ன தெரிகிறதோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டே வா, கண்ணு. நேரே இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

"மரங்கள், அப்புச்சி."

"என்ன மரங்கள்?"

"பெரிய இலை. முறம் போல இருக்கிறது. ஆங்... சாக்!"

அவர் சிரித்தார். "தமிழில் சொல்."

அவளுக்குத் தெரியவில்லை. மராத்தியில் 'சாக்' என்பது தமிழில் தேக்கு. அதே தேக்கு என்னும் சொல் மலையாளத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. உலகம் முழுதும் பயணம் செய்த அச்சொல் சாங்வியில் பிறந்த குழந்தைக்கு மட்டும் எட்டாமற் போனது வியப்பன்று. அவள் வீட்டுக் கதவு நெகிழிக் கதவு.

டாப்சிலிப் என்ற பெயருக்கும் தேக்கே காரணம். மேலிருந்து வழுக்கிவிடுதல் என்பது அந்த ஆங்கிலச் சொற்களின் பொருள். வெட்டிய மரங்களை மலை முகட்டிலிருந்து சரிவில் உருட்டிவிட்டு, அடிவாரத்தில் எடுத்துக்கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு, கப்பல் கட்டுவதற்காக மும்பை வரை சென்றது. தேக்கில் கட்டிய கப்பலின் உறுதிக்கு ஒரு சான்று: 1817இல் மும்பையில் கட்டிமுடிக்கப்பட்ட 'ட்ரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்து நிற்கிறது. ஈழத்துத் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் அது.

ஆனால் கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் வெட்ட வெட்ட மலை மொட்டையாயிற்று. 1915ஆம் ஆண்டளவில் இங்கு வந்த ஹியூகோ வுட் என்னும் வன அலுவலர், வெட்டுவதை முறைப்படுத்திக் காட்டை மீண்டும் வளர்க்க முற்பட்டார். மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால், அதிலிருந்து புதுத் தளிர் கிளைத்து மரமாகும். அவர் நடைப்பயணம் செல்லும்போதெல்லாம் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, ஊன்றுகோலால் மண்ணில் குழி குத்தி விதையிட்டுச் செல்வார் என்று கூறுவர். 1933இல் இறந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியவாறே டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கிடையே உள்ளது. நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருளில் ஓர் இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

அக்கல்லறையின் அருகே நின்றபோதுதான் எட்டு வயதுப் பேரன் கேட்டான்: "அப்புச்சி, அவர் நட்ட மரத்தையா நீங்கள் லாரியில் கொண்டுபோனீர்கள்?"

தாய் அவனை அதட்ட முயன்றாள். அப்புச்சி கையமர்த்தினார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "இருக்கலாம். வெட்டியவர்கள் வேறு, ஏற்றி இறக்கியவன் நான். கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் உன் பாட்டிக்குத் தாலி வாங்கினேன்" என்றார். பிறகு, "அன்றைக்கு இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றும் கூறினார்.

1976இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. 958 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சரணாலயப் பரப்பில் இன்று மரம் ஏற்றும் லாரிகள் இல்லை. வனத்துறையின் சிற்றுந்தே பார்வையாளரை உள்ளே அழைத்துச் செல்கிறது.

அச்சிற்றுந்தில் பேத்தி மீண்டும் தன் கடமையைத் தொடர்ந்தாள். "ஷேகரு! ஷேகரு!" என்று முதலில் கூவினாள். புனே மாவட்டத்தின் பீமாசங்கர் காட்டில் அவள் அதைக் கண்டிருந்தாள். மராட்டிய மாநிலத்தின் விலங்கு அது. "மலையணில்" என்றார் அப்புச்சி. கால்களில் வெள்ளைக் காலுறை அணிந்தாற்போல நின்ற கரிய பெரு விலங்கைக் கண்டு "கவா" என்றாள். "காட்டுமாடு" என்றார் அவர். காட்டெருமை என்று பலர் சொல்வதுண்டு; உண்மையில் அது எருமை இனத்தைச் சேர்ந்ததன்று.

பின்னர் உயர்ந்த மரக்கிளை ஒன்றில் ஒரு விலங்கு தோன்றியது. அதற்கு அவளிடம் மராத்திச் சொல்லும் இல்லை. குடகு மலைக்கு வடக்கே அவ்விலங்கு வாழ்வதில்லையாதலால், மராத்தியில் அவள் அதைக் கேள்வியுற்றிருக்க வழியில்லை.

"குரங்குதான், அப்புச்சி. ஆனால் உடம்பு முழுதும் கறுப்பு. தலைமுடி மட்டும் பழுப்பாக, தேன் நிறமாக இருக்கிறது. வால் நீளம், கிளைக்குக் கீழே கயிறு மாதிரி தொங்குகிறது. நம்மையே பார்க்கிறது. இப்போது திரும்பிக்கொண்டது. வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது."

அப்புச்சி கண்களை மூடிக்கொண்டார். "கருமந்தி" என்றார். "ஐம்பது ஆண்டுகளாகிவிட்டன. நீ சொல்லச் சொல்ல அப்படியே தெரிகிறது."

அவள் சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

மாலையில் கோழிகமுத்தி யானை முகாமுக்குச் சென்றனர். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகிய ஆறு பழங்குடியினர் இம்மலைகளில் வாழ்கின்றனர். முகாமின் பாகர்கள் பெரும்பாலும் மலசர். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டிய பெருங்கவளங்களை அவர்கள் யானைகளின் வாயில் ஊட்டினர். ஒருகாலத்தில் முகாம் யானைகள் மரம் இழுத்தன; இன்று ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பியனுப்பும் கும்கிகளாகப் பணியாற்றுகின்றன. அவற்றுள் புகழ்பெற்ற கலீம், 2023 மார்ச்சில் அறுபதாம் வயதில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையுடன் ஓய்வு பெற்றது. பேரன், யானைக்கும் ஓய்வூதியம் உண்டா என்று பாகரிடம் கேட்டான். "சோறு உண்டு, தம்பி" என்று அவர் விடையிறுத்தார்.

திரும்பும் வழியில், சோதனைச் சாவடியருகே வண்டி நின்றது. சாலையோரத்தில் கோடை மழைக்குத் துளிர்த்திருந்த தேக்கிலிருந்து ஓர் இளந்தளிர் காற்றில் முறிந்து கீழே கிடந்தது. அப்புச்சி அதை எடுத்துத் தரச்சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார். பேத்தியின் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். அவள் கசக்கினாள். மருதாணி இட்டாற்போல உள்ளங்கை சிவந்தது. தேக்கின் தளிரில் அந்தச் சாயம் உண்டு. அடிவாரத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான விளையாட்டு அது.

மறுநாள் இரயில் ஏறிய பின், விளக்கொளியில் அப்புச்சி கேட்டார்: "கையில் அந்தச் சிவப்பு இருக்கிறதா, கண்ணு?"

அவள் மேல் படுக்கையிலிருந்து இறங்கிவந்து, அவருடைய பார்வை எட்டும் இடத்துக்கு நேராக உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.