கரைச் சரிவில் எந்த வண்டி?

பரமக்குடிச் சீமையில் மலை கிடையாது. இங்கே சரிவு என்றால் வைகைக் கரை, இல்லையென்றால் கண்மாய்க் கரை. அந்தச் சரிவில் மண் வேலை செய்கிறவர்களைப் பார்க்கத்தான் கோடையில் ஒரு கண்மாய்க்குப் போனேன்.

கரைமேல் டயர் வண்டி ஒன்று நின்றது. முன்னால் பக்கெட், பின்னால் கை வைத்த, நாம் ஜேசிபி என்று சொல்லும் வண்டி. கீழே நீர்ப்பிடிப்பில் செயின் வண்டி. இதை எந்தக் கம்பெனி செய்தாலும் ஊருக்கு அது ஹிட்டாச்சிதான். சீமைக்கருவேல வேரைப் பிடுங்கிய குழியிலிருந்து அது மண்ணெடுத்துக் கரைச்சரிவில் வைத்துக்கொண்டிருந்தது.

டயர் வண்டியின் ஆபரேட்டர் முப்பது வயதைத் தாண்டாதவர். “சரிவுல நேரா ஏறலாம், நேரா இறங்கலாம்ணே. குறுக்க மட்டும் ஓட்டக் கூடாது. பக்கெட்டுல மண்ணோட மேல தூக்கிக்கிட்டுத் திரும்புனா அம்புட்டுத்தேன்” என்றார். உயரத் தூக்கிய பாரம் வண்டியின் எடை மையத்தை மேலே கொண்டுபோகிறது. சரிவில் அந்த மையம் கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டினால் வண்டி கவிழும். கொட்டிய புது மண் விளிம்பில் சக்கரம் புதைந்தாலும் அதே கதிதான். அப்போது வெளியே குதிப்பவரைத்தான் வண்டி நசுக்கும். பெல்ட் போட்டு உள்ளே இருப்பதே பாதுகாப்பு. அவர் வண்டியில் பெல்ட் இருந்தது, இருக்கைக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மனசு கனத்துப்போனது.

செயின் வண்டி 20 டன் எடை இருந்தாலும், அகலமான செயின் அந்த எடையைப் பரப்பிவிடுகிறது. தரையில் விழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். டயரில் அது பல மடங்கு. ஈரமான கரிசலில் டயர் வழுக்கிச் சுழலும் இடத்தில் செயின் பிடித்து ஏறுவது இதனால்தான். நீண்ட கை இருப்பதால் சரிவில் ஏறாமலே, கீழே நின்றபடி கரையைச் சீவவும் அதனால் முடியும்.

அப்படியானால் டயர் வண்டியை ஏன் கூப்பிடுகிறார்கள்? அது ரோட்டில் தானே ஓடி வரும். காலையில் ஒரு கண்மாய், மதியம் அடுத்த ஊர் வரத்துக்கால் என்று முடித்துவிடலாம். செயின் வண்டியை டிரெய்லரில்தான் ஏற்றி வர வேண்டும். அந்த வாடகை சின்ன வேலைக்குக் கட்டாது. தரிசு, சமதளம், கரைமேல் பாதை, டிராக்டரில் மண்ணேற்றுவது ஆகியவற்றுக்கு டயரே போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் செயினுக்கும் ஒரு குறை உண்டு. அழுத்தம் குறைவு என்பதால் அது ஓடினால் மட்டும் கரை இறுகாது. முக்கால் அடி கனத்துக்கு மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதற்குப் பிறகே அடுத்த அடுக்கு போட வேண்டும். பல கரைகள் வடகிழக்கு மழையில் கரைந்துபோவது இந்த வேலையை விட்டதால்தான்.

தமிழ்நாட்டில் கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கியபோது, பாசன விவசாயிகள் சங்கங்களே வேலையை எடுத்துச் செய்யும் முறை வந்தது. அத்தகைய சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்கிறேன்: மதிப்பீடு போடும்போது எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதாதீர்கள். சரிவு வேலைக்குச் செயின் வண்டி என்றும், டிரெய்லர் வாடகை இவ்வளவு என்றும், ரோலர் உண்டு என்றும் சேர்த்து எழுதுங்கள். பெல்ட் போடாத ஆபரேட்டரைக் கரையில் ஏறவிடாதீர்கள்.