மூன்றிலிருந்து ஒன்றுக்கு

ரேசரில் எண் போட்டிருந்தால், பெரிய எண்ணில் வைத்தால்தான் முகம் மழமழவென்று வரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அட்ஜஸ்டபிள் ரேசர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒப்பீடு அந்தப் பக்கமே சாய்கிறது: இது ஒன்பதில் எப்படி வெட்டுகிறது, அது ஆறில் எப்படி வெட்டுகிறது. பல வருஷமாக இவற்றை மாற்றி மாற்றிப் பிடித்துவரும் நான் பார்ப்பது மறுமுனையை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் அந்த ரேசர் எவ்வளவு நுணுக்கமாக நகர்கிறது? இன்று இரண்டில் வைத்து வந்த சவரம் நாளைக்கும் அதே இரண்டில் வருகிறதா? நல்ல ரேசரையும் சுமாரான ரேசரையும் இந்த இரண்டு கேள்விகள் பிரித்துவிடும்.

பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். தனியாகப் பிடித்தால் துவளும். ரேசரின் மூடி மேலிருந்து அழுத்தி அதை வளைத்து விறைப்பாக்குகிறது. கீழே ஒரு தட்டு தாங்குகிறது. அந்தத் தட்டின் விளிம்பில் ஓடும் தடுப்புப் பட்டைக்கும் பிளேடின் கூருக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்பதை வைத்தே சவரம் மென்மையாகவோ முரடாகவோ அமைகிறது. வெளி குறைவாக இருந்தால் பட்டை தோலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், கூர் முடியை மட்டும் தொடும். கூட்டினால் நுரையும் நீண்ட முடியும் தடங்கலில்லாமல் உள்ளே போகும். கூடவே தோலும் லேசாகப் புடைத்து உள்ளே வரும். எரிச்சலும் கீறலும் அங்கேதான் தொடங்குகின்றன. அட்ஜஸ்டபிள் ரேசரில் எண் போட்ட குமிழைத் திருகும்போது நாம் மாற்றுவது இந்த வெளியைத்தான். வெளி மாறினால் கைப்பிடியைப் பிடிக்கும் சாய்வும் மயிரிழை மாற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் பலர் எண்ணைக் கூட்டியதும் வெட்டுப்பட்டு ரேசரைக் குறை சொல்கிறார்கள்.

இந்த யோசனை புதிதில்லை. கிங் கேம்ப் ஜில்லட்டுக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த முதல் ரேசரிலேயே இதன் விதை இருக்கிறது. கைப்பிடியை இறுக்கி முறுக்கினால் பிளேடு நன்றாக வளைந்து பட்டையை ஒட்டி நிற்கும். சற்றுத் தளர்த்தினால் நிமிர்ந்து வெளி கூடும். எந்தத் தாடிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்றே அன்று விளம்பரமும் செய்தார்கள். ஆனால் தளர்ந்த திருகை நம்பி முகத்தில் கத்தி வைப்பது எப்போதும் சங்கடம்தான். தளர்வே இல்லாமல் வெளியை மட்டும் மாற்றும் வழியை ஜில்லட் நிறுவனம் கடைகளுக்குக் கொண்டுவந்தது 1958-ல். விலை 1.95 டாலர், அதனால் மாடலின் பெயரும் 195. கைப்பிடி குண்டாக இருந்ததால் பின்னாளில் சேகரிப்பாளர்கள் அதற்கு ஃபேட்பாய் என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. 1961-ல் ஒல்லியான கைப்பிடியோடு ஸ்லிம் வந்தது. 1971-ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்த பிறகு சந்தை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. குமிழ் வைத்த ரேசரைக் கைவிடாமல் செய்துவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து மெர்க்கூர் நிறுவனத்தார்.

ஃபேட்பாயைக் கையில் எடுத்தால் அதன் வேலைப்பாடு மனசை இழுத்துவிடும். நிக்கல் முலாம் பூசிய பித்தளை. அடிக் குமிழைத் திருகினால் மேல்மூடி இரண்டு கதவுகளாகத் திறக்கும், பிளேடை வைத்து மூடலாம். ரேசரைப் பிரிக்கவே வேண்டியதில்லை. கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். அந்த எண் வளையத்தைத் திருகத் திருக, பிளேடுக்குக் கீழே இருக்கும் தட்டு மட்டும் ஏறி இறங்கும். பிளேடு கதவுகளின் பிடியிலேயே அசையாமல் இருக்கும். அறுபது வருஷம் கழித்தும் இன்னும் ஓடுகிறது என்றால் இந்த அமைப்பின் நேர்த்தியே காரணம். தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருஷம், எண் காலாண்டு. எஃப் 2 என்றால் 1960-ன் இரண்டாவது காலாண்டில் செய்தது.

பழையதை வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளேடு போட்டுக் கதவுகளை மூடி, ரேசரைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடாகவும் மறுபக்கம் ஆப்பாகவும் தெரிந்தால் எங்கோ கீழே விழுந்து கதவு வளைந்திருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடலாம். பிறகு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை திருகிப் பார்க்க வேண்டும். எண் நகர்ந்தும் தட்டு நகராமல் நின்றால் உள்ளே பல வருஷத்துச் சோப்பு இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பித்தளைதானே என்று பாத்திரம் விளக்கும் பொடியை மட்டும் போட்டுவிடாதீர்கள். முலாம் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

மெர்க்கூரின் ப்ராக்ரஸ் வேறு ஜாதி. அழகில் ஃபேட்பாய்க்குப் பக்கத்தில் நிற்காது. அடியில் இருக்கும் வெண்மஞ்சள் குமிழைப் பார்த்தால் பிளாஸ்டிக் மருந்துப் பாட்டில் மூடி ஞாபகம் வரும். ஆனால் நான் முன்னால் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இதைப்போல் பதில் சொல்கிற ரேசரை நான் பிடித்ததில்லை. எண்கள் ஒன்று முதல் ஐந்து. நடுவில் பற்கள் கிடையாது, குமிழ் வழுக்கிக்கொண்டே நகரும். ஒன்றரை, ஒன்றேமுக்கால் எல்லாம் இதில் நிஜமான இடங்கள். என் கழுத்துக்கு இரண்டு அதிகம், ஒன்று போதாது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது, என் கட்டைவிரலுக்கு அது பழகிவிட்டது.

ப்ராக்ரஸில் பிளேடு மாட்டுவதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும். குமிழைத் திருகிக்கொண்டே போனால் மூடி தண்டோடு கழன்று கையில் வரும். மூடியின் ஒரு பக்கத்தில் சின்னக் கோடு, கீழ்த்தலையிலும் அதே மாதிரி ஒரு கோடு. இரண்டும் ஒரே பக்கம் வரும்படி இறக்கினால்தான் குமிழில் காட்டும் எண் சரியாக இருக்கும். திருப்பிப் போட்டால் ஒன்று ஒன்றாக இருக்காது. இறக்கிய பிறகு பிளேடின் இரண்டு குட்டை முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு, பிளேடை நடுவில் நிறுத்தியபடி குமிழை முறுக்க வேண்டும். விட்டுவிட்டு முறுக்கினால் பிளேடு ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்புறம் ஒரு பக்கம் இரண்டு மாதிரியும் மறுபக்கம் மூன்று மாதிரியும் வெட்டும். ப்ராக்ரஸ் சரியில்லை என்று என்னிடம் சொன்னவர்களிடம் எல்லாம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

அதே மெர்க்கூரின் ஃபியூச்சரைப் பார்த்ததும் பிடித்துப்போகும். கனம் சுமார் 120 கிராம், தலை பெரியது, எண்கள் ஆறு. வாரக்கணக்கில் வளர்ந்த தாடியை அது வழிக்கும் வேகம் அசாத்தியம். எனக்கு அதனோடு இரண்டு மனத்தாங்கல். மூடியில் திருகே கிடையாது, சொடுக்கி மாட்டி இழுத்துக் கழற்ற வேண்டும். சோப்பு ஈரத்தோடு இழுக்கும்போது விரல் போகும் இடமும் பிளேடின் கூர் இருக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில். துண்டால் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, அதன் ஒன்றே என் தோலுக்குச் சூடு. கீழே இறங்க இடமில்லாத ரேசரை அட்ஜஸ்டபிள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீனாவில் இதே உருவத்தில் மலிவு விலைப் பிரதிகள் நிறைய வருகின்றன. பழகிப் பார்க்க அவை போதும். ஆனால் இரண்டு பக்க வெளியும் ஒத்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

இந்தியாவிலேயே தயாராகும் பார்க்கர் வேரியன்ட் ப்ராக்ரஸின் வழியில் வந்தது. குமிழ் உலோகம், எடை கூடுதல், எண்கள் ஐந்து, கீழ்முனை சாது. ஸோலிங்கன் ரேசருக்குச் செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். கனடாவின் ராக்வெல் 6எஸ் தனி வழி. குமிழே இல்லை, மூன்று தட்டுகள், திருப்பிப் போட்டால் ஆறு. ஒன்றாம் எண்ணின் வெளி 0.20 மில்லிமீட்டர், மூன்றில் 0.48, ஆறில் 0.79. எண்ணுக்குப் பின்னால் நிலையான அளவு இருப்பது பெரிய நிம்மதி, இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் கிடையாது. ஆனால் சவரத்தின் நடுவில் நுரைக் கையோடு தட்டை மாற்ற முடியாது.

நடுவில் மாற்றுவதில்தான் இந்த ரேசர்களின் முழுப் பயனும் இருக்கிறது. முடி முதல் ஓட்டத்தில் நீளமாக இருக்கிறது, இரண்டாவதில் குறைந்துவிட்டது, மூன்றாவதில் தோல் மட்டத்துக்கு வந்துவிட்டது. தோலோ ஒவ்வொரு ஓட்டத்திலும் தன் காப்பை இழந்துகொண்டே வருகிறது. ஆகவே எண்ணும் இறங்க வேண்டும். முடியின் வாக்கிலேயே போகும் முதல் ஓட்டத்துக்கு மூன்று. மறுபடி நுரை போட்டு, காதிலிருந்து மூக்கை நோக்கிக் குறுக்கே போகும்போது இரண்டு. தாடையின் அடியிலும் உதட்டுக்குக் கீழும் எதிராகப் போகும்போது ஒன்று. இதையே தலைகீழாக, விடாப்பிடியாக நிற்கும் முடிக்கு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குக் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள் நிரந்தரம். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகவும் மாறும். அழுத்தவும் கூடாது. ரேசரின் கனம் போதும், கை வழிகாட்டினால் சரி.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. செவ்வாய், வெள்ளி சவரம் செய்யக் கூடாது என்று கடைப்பிடிக்கிற வீடு எங்களுடையது. அதனால் என் தாடி எந்த நாளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் முடிக்கு ஒன்றரையிலேயே காரியம் முடிந்துவிடும். மாலை போட்டு மலைக்குப் போய்வந்தவர் ஒரு மண்டலத் தாடியை எடுக்க உட்கார்ந்தால், கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டு நான்கில் தொடங்கலாம். ஒரே வெளி வைத்த ரேசர் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

சென்னை விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் போன மாதம் கூப்பிட்டான். "மாமா, நீங்க எந்த நம்பர் வெப்பீங்க?"

"எந்த ரேசர்லடா?"

அவன் வாங்கியிருந்தது ஃபியூச்சர் மாதிரி ஒன்று. என் ப்ராக்ரஸின் மூன்றை அவன் அதில் வைத்திருந்தால் கழுத்து கிழிந்திருக்கும். ஒரு ரேசரின் எண்ணுக்கும் இன்னொன்றின் எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. பிளேடும் சேர்ந்து கணக்கை மாற்றும். ஜப்பானின் ஃபெதர் போட்டால் நான் அரை எண் குறைத்துவிடுவேன், அதன் கூர் அப்படி. பிறகு விசாரித்ததில் அவன் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் தண்ணீர். விடுதியில் போர் தண்ணீர். கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் படலமாகப் போகும், அந்த நுரையில் வழுவழுப்பு இருக்காது. கோவையில் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை. நுரை அடிக்க மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள், குமிழை ஒன்றில் வை, ஒரு மாசத்துக்குப் பிளேடையும் சோப்பையும் மாற்றாதே என்றேன். அவன் கழுத்து இப்போது ஆறியிருக்கிறது.

ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு என் வாக்கு ப்ராக்ரஸுக்கு. பணம் இடித்தால் வேரியன்ட். ஃபேட்பாயும் ஸ்லிமும் நேரில் பார்த்து, பிளேடு போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடிந்தால் மட்டும். படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஃபியூச்சர் கெட்டித் தாடியும் கெட்டித் தோலும் உள்ளவர்களுக்கு. தினமும் காலையில் தவறாமல் மழித்துக்கொண்டு, இருக்கிற, மூன்று துண்டாகக் கழலும் சாதா ரேசரே எரிச்சலில்லாமல் வேலை செய்கிறதென்றால் உங்களுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.