றீலுக்கு எண்ணெய் முழுக்கு

கடலில் தூண்டில் போட்டு வீடு திரும்புகிறவர் முதலில் நீராட்ட வேண்டியது தம்மையல்ல, தமது றீலையே என்று நாம் சொன்னால் நகைப்பவர் பலர். அவ்வாறு நகைத்தவர்களில் இருவர் இம்முறை மாரி தொடங்குமுன், தத்தம் றீலைப் பழந்துணியில் மூடிக்கொண்டு எம் வீட்டுப் படியேறி வந்தனர். ஒன்றின் கைபிடி அசையவே மறுத்தது. மற்றையதன் உள்ளிருந்து அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது. இருவரும் கடைசியாகக் கடலுக்குப் போனது சித்திரை மாதத்திலாம். ஆறு மாதம் அலுமாரியிற் கிடந்த பொருளைக் கடல் எவ்வாறு அரித்தது என்பதே அவர்களுடைய கேள்வி.

கடலிலே றீல் கெடுவது அபூர்வம், கெடுவது வீட்டிலேதான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. நீர் உலர்ந்து போகும், உப்பு போகாது. மாரி காலத்தில் அடுக்களை உப்புச் சாடி வியர்த்து நிற்பதை இல்லத்தரசிகள் யாவரும் அறிவர். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் உப்பு அந்த ஈரத்தைக் குடித்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசிய உப்புக்களோ அதற்கும் முந்திக்கொள்கின்றன. ஆகவே றீலின் மூலை முடுக்குகளில் ஒட்டிய உப்பு, எவரும் அறியாமல், ஈரமான ஒவ்வோர் இரவிலும் மீண்டும் கடல்நீராகிறது. அலுமினிய உடல், பித்தளைப் பற்சில்லு, துருவேறாத உருக்குத் திருகாணி என்று வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்குமிடத்தில் உப்புநீர் ஊறினால் அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அந்த மின்கலத்திற் கரைந்து தேய்வது அலுமினியமே.

மனிதர் எண்ணெய் வைத்துக்கொண்டு பின்னர் நீராடுவர். றீலுக்கோ முதலில் நீர், பிறகுதான் எண்ணெய். நீராட்டுமுன் நூற்கட்டையின் முகப்பிலுள்ள திருகை இறுக்கிவிட வேண்டும். பெரிய மீன் பாய்ந்திழுக்கும்போது நூல் அறாமல் விட்டுக்கொடுப்பதற்கான தடைத்தட்டுகள் அதன் கீழேதான் இருக்கின்றன. இறுக்கினால் அவற்றினுள் நீர் புகுவது குறையும். பின்னர், பூவாளியாற் கன்றுக்கு வார்ப்பதுபோல் நன்னீரை மெல்லத் தெளிக்க வேண்டும். குழாயை முழுவதும் திறந்து பீச்சியடித்தால், வெளியே நின்ற உப்பையும் மணலையும் அந்த வேகமே உள்ளே தள்ளிவிடும். வாளிக்குள் அமிழ்த்தி வைப்பது அதனிலும் கேடு. தெளித்து, உதறி, துடைத்து, நிழலில் உலரவிட்ட பின்பு, இறுக்கிய திருகை மறவாமல் தளர்த்துதல் வேண்டும். இல்லையேல் தட்டுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நல்ல பாரை ஒன்று அகப்படும் நாளில் விட்டுக்கொடுக்க மறுக்கும். கடைசியாக, நூலைத் திசைதிருப்பி நடத்தும் சிற்றுருளைக்கும், வளைகம்பியின் மூட்டுகளுக்கும், கைபிடிக் குமிழுக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய். உப்பு முதலிற் கைவைப்பது பெரும்பாலும் அந்த உருளையிலேதான். இத்தனையும் பத்து நிமிட வேலை.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்க்கு நாம் முதலிற் காட்டுவது வீட்டுத் தையல் மெசினின் லாச்சியை. றீலுக்கும் நெசவுக்குமுள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நூற்கட்டை சுழலாமல் நிற்க, நூல் மட்டும் அதன் விளிம்பால் வழுவியோடும் றீலுக்கு 1905இல் உரிமம் பெற்ற ஆல்பிரட் இல்லிங்வேர்த், இங்கிலாந்தின் நெசவாலை நகரமான பிராட்போர்ட்டைச் சேர்ந்தவர். தையல் மெசின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். எனினும் உப்புக்காற்றில் நெடுநாள் நில்லாது. றீலுக்கென்றே விற்கும் எண்ணெயிற் சிறு போத்தல் ஒன்று வாங்கினாற் சில வருடம் வரும். தேங்காயெண்ணெய் மாத்திரம் வேண்டாம். நாளடைவில் அது பிசினாகிவிடும். டபிள்யூ. டி. 40 என்னும் தெளிப்பானைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வோரும் உளர். நீரை அகற்றுவதற்கென்றே 1953இல் ஆக்கப்பட்டது அது. அந்த வேலையைச் செவ்வனே செய்யும். ஆனால் உள்ளிருக்கும் கிறீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

எம் வீட்டில் இரண்டு றீல்கள் உள. ஒன்று எமது, மற்றையது தகப்பனாருடையது. 1990இல் நாங்கள் திருகோணமலையை விட்டு இடம்பெயர்ந்தபோது அது ஒரு தகரப் பெட்டியின் அடியிற் கிடந்தது. திரும்பி வந்த பின்னரும் கடலுக்குப் போவதற்கு அனுமதி, நேரம், எல்லை என்று கட்டுப்பாடுகள் பல. 2009இல் யுத்தம் முடிந்து, அவை படிப்படியாக நீங்கிய பின்னரே பெட்டியைத் திறந்தோம். கிறீஸ் மெழுகாக உறைந்திருந்தது. பித்தளையிற் பச்சைக் களிம்பு. தங்கூசி தொட்ட தொட்ட இடத்தில் முறிந்தது. தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. மூடியைக் கழற்றி இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். மறுநாட் காலை அவர் கைபிடியைப் பற்றித் திருப்ப, அது அரைச்சுற்றுச் சுற்றியது. பெயாரிங் இரண்டு தவிர மற்றவையெல்லாம் பிழைத்தன. பெயாரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்து கொண்டுபோனால் அதே அளவுடையதை வேறு கடைகளிலும் பெறலாம். றீல் விற்றவரையே தேடி அலைய வேண்டியதில்லை.

இன்று அவருக்கு வயது எண்பத்திரண்டு. விரல்கள் நடுங்குகின்றன, கரைப் பாறைகளில் ஏற இயலாது. செவி மட்டும் கெடவில்லை. மார்கழியில் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இரண்டு றீல்களையும் முழுமையாகப் பிரிப்பது எம் வழக்கம். இப்போது பிரிப்பவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் எம் மகள். தகப்பனார் சாய்மனைக் கதிரையை அருகே இழுத்துக்கொண்டு அமர்வார். வெள்ளைத் துணியொன்றை விரித்து, கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அவள் வைப்பாள். படிக்கொரு படம் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொள்வாள். தகப்பனார் காலத்திற் படமேது? வாசர்களையெல்லாம் வரிசை குலையாமல் ஒரு நூலிற் கோத்து வைப்பாராம். படம் எடுத்த பிறகும் அவள் நூலிற் கோக்கத் தவறுவதில்லை.

பற்சில்லுகளைப் பழைய பற்றூரிகையால் மண்ணெண்ணெயிற் கழுவி, நன்கு உலர்த்தி, பற்களில் மெல்லியதாகக் கிறீஸ் பூச வேண்டும். தாராளம் இங்கே குணமன்று. மிகுந்த கிறீஸ் கைபிடியைக் கனக்கச் செய்வதோடு மணலையும் பிடித்து வைக்கும். பெயாரிங்குக்குக் கழுவி உலர்த்திய பின் இரண்டு துளி எண்ணெய் போதும். கைபிடி பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் ஒருவழிப் பெயாரிங்கிற் கிறீஸ் படவே கூடாது. அதனுள்ளிருக்கும் சிற்றுருளைகள் தண்டை இறுகப் பற்றிக்கொள்வதாலேயே அது தன் வேலையைச் செய்கிறது. கிறீஸ் பட்டால் பிடி வழுக்கி, மீன் இழுக்கும்போது கைபிடி பின்னோக்கிச் சுழன்று விரலை அடிக்கும். அதற்கு மெல்லிய எண்ணெயின் கசிவே அதிகம். தடைத்தட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஆகாது. அவற்றுக்கென வேறு கிறீஸ் உண்டு. உலர்ந்தபடியே இயங்க வேண்டிய தட்டுகளும் உண்டு. றீலுடன் வந்த தாளைப் பார்த்துச் செய்க.

எல்லாம் பூட்டிய பின்னர் மகள் கைபிடியைச் சுழற்ற, தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"பிள்ளை, இன்னுமொருக்கால் சுத்து. உள்ளுக்கு மணல் கிடக்குது."

"கழுவியாச்சு அப்பப்பா."

"கழுவினாலும் கிடக்குது."

சென்ற மார்கழியில் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் திறந்தாள். பெரிய பற்சில்லின் இரு பற்களுக்கிடையே, கிறீஸில் ஒட்டியபடி, ஒரே ஒரு மணல் இருந்தது. விரித்த துணியிலிருந்து ஏறியதாக வேண்டும். அதன் பின் அவள் அவரோடு வாதாடுவதில்லை.

தகப்பனாரின் றீல் கடலைக் கண்டு நான்கு வருடமாகிறது. கடலுக்கே போகாத பொருளை ஆண்டுதோறும் எதற்காகப் பிரிக்க வேண்டுமென்று எம் இல்லாள் ஒருமுறை கேட்டாள். அவர் செவியில் விழாதவாறுதான் கேட்டாள். கடற்காற்று வீசும் வீட்டில் உப்புப் படாத பொருள் ஏது என்றோம். அது உண்மையே, ஆனாலும் முழு விடையன்று என்பதை அவளும் அறிவாள்.

கழுவிய மண்ணெண்ணெயை நாம் கொட்டுவதில்லை. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது படகுகள் கரையிற் கிடந்ததைக் கண்டவர்க்குக் கொட்ட மனம் வராது. ஒருநாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை வடித்து, அடுத்த தடவைக்கென அடைத்து வைப்போம். 'அடுப்புக்கோ விளக்குக்கோ எடுக்கக் கூடாது' என்று மகள் எழுதி அந்தப் போத்தலில் ஒட்டியிருக்கிறாள். பெற்றோலாற் கழுவுவோர் சிலருண்டு. அதன் ஆவி அடுத்த அறைச் சுடரிலும் பற்றிக்கொள்ளும், ஆதலின் வீட்டினுள் அது வேண்டவே வேண்டாம். றீல்களைப் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டுவதும் தவறு. ஈரம் உள்ளேயே நின்றுவிடும். எமது இரண்டும் தகப்பனாரின் பழைய சாரத்திலே தைத்த பைகளில், தடைத்திருகு தளர்த்தியபடி, அலுமாரியின் மேற்றட்டில் இருக்கின்றன.