கேள்விக்குப் பின் விடும் இடைவெளி

தொலைக்காட்சிக்குப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர் முதலில் இழப்பது மாணவரின் முகத்தை. வகுப்பறையில் ஒரு புருவச் சுளிப்பு உணர்த்திவிடும் ஐயத்தை, படப்பிடிப்புத் தளத்தில் அவர் முன்கூட்டியே ஊகித்து, அதற்கான விளக்கத்தையும் பாடத்திலேயே சேர்த்துவிட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இம்முயற்சி பழையது. 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. ஆனால் பார்த்தவர் திருப்பிக் கேட்க வழியில்லை. 2004இல் கல்விக்கென்றே ஏவப்பட்ட எஜுசாட், ஆசிரியரும் தொலைவிலுள்ள வகுப்பும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வசதியைத் தந்தது. அதை நம்பியே 2005 ஜூலையில் கேரளத்தின் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூன் 1 அன்று, மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், அதே அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியபோது, பாடம் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. கேள்வி மட்டும் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் குழுவைச் சுற்றித்தான் திரும்பிவர முடிந்தது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதன் சிக்கல் கூடுதலாகப் புலப்படும். கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என அடுத்தடுத்த தெருக்களில் வீட்டுமொழி மாறும் அவ்வூரில், மலையாளப் பாடத்தைக் கேட்கும் குழந்தைகள் பலருக்கும் அது இரண்டாம் மொழி. ஃபர்ஸ்ட் பெல்லில் தமிழ்வழி, கன்னடவழி வகுப்புகளும் இருந்தன என்றாலும், வீட்டில் தமிழ் பேசி மலையாளவழியில் படிக்கும் குழந்தைக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை. இத்தகைய குழந்தைக்குத் தேவை எளிய சொற்கள் மட்டுமல்ல. கேள்வியைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளவும், விடையை மீண்டும் மலையாளத்துக்குக் கொண்டுவரவும் சற்று அவகாசம். நேரடி வகுப்பில் அந்த மௌனம் தானாக அமைகிறது. பதிவிலோ அது வெற்றிடமாகத் தோன்றுவதால், படத்தொகுப்பில் முதலில் வெட்டுப்படுவது அதுவே. (விறுவிறுப்பு பாடத்துக்கும் அழகு என்ற எண்ணம் தொலைக்காட்சியிடமிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.)

அதே பாடம் யூடியூபிலும் கிடைப்பதால் சிக்கல் தீர்ந்ததாகக் கருதுவோர் உண்டு. கைபேசியும் இணையமும் உள்ள குழந்தை பாடத்தை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்திக் கேட்கலாம். கேபிள் தொலைக்காட்சியில் அல்லது நூலகத்தில் வைத்த பொதுப்பெட்டியில் பார்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே, எவருக்காகப் பதிவு செய்வது என்ற கேள்வி எழும்போது, நிறுத்தும் பொத்தான் இல்லாதவரையே அளவுகோலாகக் கொண்டு, கேள்விக்குப் பின் வரும் மௌனத்தை வெட்டாமல் விடுமாறு படத்தொகுப்பாளரிடம் ஆசிரியரே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.