வரப்புல கிடந்த பொடுதலை

போன வருஷப் பொங்கலுக்குப் பரங்கிக்காயைக் கடையில காசு கொடுத்து வாங்கினோம். கொல்லையில கொடி இருந்தும் இந்த நிலைமை. கொடி நிறைய பூத்தது, பிஞ்சும் விட்டது. ஆனா எல்லாம் சுண்டைக்காய் அளவுலயே மஞ்சளாகி உதிர்ந்துபோச்சு. சத்துக் குறைவுன்னு நினைச்சு எருவை அள்ளிக் கொட்டினேன். பலன் இல்லை.

ஒருநாள் விடியக்காலம் எங்க வீட்டுல, ஆண் பூவைப் பறிச்சு, பெண் பூவுக்குள்ள தடவிக்கிட்டு இருந்தாங்க. "ஒரு தேனீகூட வரல. வரப்புல மருந்து அடிச்சது நீங்கதானே?"ன்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல.

வரப்பு வெட்ட ஆள் கிடைக்கலைன்னு ரெண்டு வருஷமா களைக்கொல்லி அடிச்சேன். புல்லோட பொடுதலையும் கருகிப்போச்சு. எங்க அம்மா பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிக்கிற கொடி அது. ஒருதரம் வேர் பிடிச்சா வருஷக்கணக்குல கிடக்கும். அறுப்பு முடிஞ்சு வயல் காய்ஞ்சு கிடக்கிற கோடையிலயும், ஈரம் இருக்கிற வாய்க்கால் ஓரத்துல சின்னச் சின்ன வெள்ளைப் பூவா பூக்கும். தேனீக்கு அது சாப்பாடு. நெல்லு மகரந்தத்துக்குக் காத்தே போதும். அதனால தேனீ போனது நமக்கு உறைக்கிறதில்லை. பரங்கிக்குத் தேனீ வந்தாத்தான் காய்.

தை மாசம் வாய்க்கால் கரையில இருந்து கொடியைக் கிள்ளி வந்து வரப்புல பதிச்சேன். கணுவுக்குக் கணு வேர் விட்டுச்சு. "வரப்பை இப்படி விட்டா எலி வளை போடும்"னு பக்கத்து வயல்காரர் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால உயரமா வர்ற புல்லை மட்டும் அரிவாளால அறுக்கிறேன். பொடுதலை தரையோட படியிறதால வளை இருந்தா கண்ணுக்குத் தெரியும்.

வரப்புல பயறு போட்டா நன்மை செய்யிற பூச்சி பெருகும்னு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்லுது. சீனா, வியட்நாம், தாய்லாந்து நெல் வயல் வரப்புகள்ல எள் மாதிரி பூக்கிற செடி வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016ல வெளியாச்சு. பூச்சிமருந்து 70 சதவீதம் குறைஞ்சு, மகசூல் 5 சதவீதம் கூடியிருக்கு.

இந்த மார்கழியில கோலத்துல வைக்க ஆண் பூவை மட்டும்தான் பறிச்சாங்க. அதுலயும் பாதியைத் தேனீக்குன்னு கொடியிலயே விட்டாங்க. பொங்கலுக்கு நாலு காய் தேறிச்சு. முன்னே காய்ச்ச அளவு இல்லை. ஆனா கடைக்குப் போகல.

வரப்புக்கு மருந்து கலக்குறதுக்கு முன்னாடி, ஒரு நாள் காலையில வெயில் ஏறினதும் அங்க போய் குந்திப் பாருங்க.