பாபிலோன் 5-க்கு ஒரு வக்காலத்து

ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்கு என் வீட்டுக்கு வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். போன வாரம் அவர் வந்த சமயம் டெலிவிஷனில் 'பாபிலோன் 5' ஓடிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் புள்ளி விழுந்த ஓர் ஆசாமியும், மயில் தோகை மாதிரித் தலைமயிரை விரித்து நிமிர்த்தி வைத்திருந்த ஓர் ஆசாமியும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நண்பர் இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"ஏன் ஸார், நாலு நாவல் எழுதினவர் நீங்கள். இந்த ரப்பர் மூஞ்சிகளிடம் அப்படி என்னத்தைக் கண்டுவிட்டீர்கள்?" என்றார்.

காபி ஆறிவிடுமே என்று அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டுகளில் பாதியை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மூஞ்சிகள் ரப்பர்தான். சில சுவர்களைப் பார்த்தால், யாராவது சாய்ந்துகொண்டால் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். முதல் வருஷத்துப் பகுதிகள் மாட்டு வண்டி மாதிரி நகர்கின்றன. கம்ப்யூட்டரில் வரைந்த ஆகாயக் கப்பல்கள் அந்தக் காலத்தில் அதிசயம். முன்னோட்டப் படத்தின் காட்சி ஜாலங்களுக்கு எம்மி பரிசுகூடக் கிடைத்தது. இன்றைக்கு என் பையன் கையில் வைத்து விளையாடுகிற செல்போன் அதைவிட நன்றாக வரைந்துவிடும். எல்லாம் வாஸ்தவம். ஆனால் நாடகக் கொட்டகையில் திரைச்சீலை கிழிந்திருக்கிறது என்பதற்காக அரிச்சந்திரனுக்காக அழாமல் வந்தவர்கள் யார்?

விஷயம் இதுதான். 2258-ஆம் வருஷம். ஒரு பெரிய யுத்தம் முடிந்து, இனியாவது எல்லா உலகத்தாரும் உட்கார்ந்து பேசட்டும் என்று விண்வெளியில் ஒரு நிலையம் கட்டுகிறார்கள். ஐந்து மைல் நீளம். உள்ளே இரண்டரை லட்சம் ஜீவன்கள். இதற்கு முன் கட்டிய மூன்று நாசவேலையில் அழிந்தன. நாலாவது, திறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாயமாக மறைந்துவிட்டது. அதனால்தான் இது ஐந்தாவது. நாலு தரம் இடி விழுந்த மனையில் ஐந்தாவது தரம் வீடு கட்டுகிறவனுடைய பிடிவாதம் இந்தக் கதைக்கு அஸ்திவாரம்.

1993-ல் முன்னோட்டப் படம். 1994 முதல் 1998 வரை 110 பகுதிகள். அதே 1993-ல்தான் 'ஸ்டார் டிரெக்' குடும்பத்திலும் விண்வெளி நிலையத்துக் கதை ஒன்று ஆரம்பமாயிற்று. பெரிய வீட்டுக் கல்யாணம் நடக்கிற தெருவில் ஏழை வீட்டுச் சீமந்தம் எடுபடுமா? 1996-லும் 1997-லும் ஹ்யூகோ பரிசு வாங்கியிருந்தும், விஞ்ஞானக் கதை என்றால் பத்துத் தொடர்களின் பேரைச் சொல்லுகிறவர்கள் இதன் பேரைச் சொல்ல மறந்துபோகிறார்கள்.

2009-ல் அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனன் ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க்குகளை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அப்படித்தான் எனக்கு இது அறிமுகம். நான் வசமாக மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஆகாயக் கப்பல் அல்ல, தொழில்.

நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன். இந்த நூற்றுப்பத்துப் பகுதிகளில் 92 பகுதிகளை ஒரே மனிதர், ஜே. மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கி, எழுதியிருக்கிறார். மூன்றாம், நாலாம் வருஷங்களின் நாற்பத்துநாலு பகுதிகளும் முழுக்க அவர் கை எழுதியவை. ஆரம்பிக்கும்போதே, இது ஐந்து வருஷத்து நாவல், இதற்கு முதலும் நடுவும் முடிவும் உண்டு என்று தீர்மானித்து இறங்கியவர். போன வாரம் நடந்ததை இந்த வாரம் மறந்துவிடலாம் என்பது அந்தக் காலத்துத் தொடர்களின் பொது தர்மம். இவரோ ஒருவன் வாய் தவறிச் சொன்ன வார்த்தைக்கு இரண்டு வருஷம் கழித்து வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்த்தார்.

நாலாம் வருஷத்தில், ஒளிபரப்பி வந்த அமைப்பே ஆட்டங்கண்டது. ஐந்தாம் வருஷம் கிடையாது என்ற நிலைமை. அவசர அவசரமாகக் கதையை இழுத்துக் கட்டினார். கடைசிப் பகுதியையும் படம் பிடித்து முடித்தார். பிறகு வேறொரு நிறுவனம் கைகொடுத்து ஐந்தாம் வருஷம் கிடைக்கவே, அந்தக் கடைசிப் பகுதியைப் பெட்டியில் பூட்டி வைத்து ஒரு வருஷம் கழித்து வெளியிட்டார்கள். ஐந்தாம் வருஷம் சற்றுத் தொய்வாக இருக்கிறது என்று சொல்லுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். எனக்கும் ஒரு பத்திரிகையில், "நாலே வாரத்தில் கதையை முடியுங்கள்" என்று கடிதம் வந்ததுண்டு. கதாநாயகிக்கு டைபாய்டு வரவழைத்து முடித்தேன். அவர் யாருக்கும் டைபாய்டு வரவழைக்கவில்லை.

போகட்டும். அந்த மயில்தோகைக்காரன் பெயர் லோண்டோ. ஒரு காலத்தில் ஓகோவென்று வாழ்ந்து நொடித்துப்போன ஒரு சாம்ராஜ்யத்தின் தூதன். குடியும் சூதுமாகப் பொழுதைப் போக்குகிற கோமாளி. புள்ளித் தலைக்காரன் ஜி'கார். அந்தச் சாம்ராஜ்யத்தின் நுகத்தடியில் கிடந்து மீண்ட ஜாதிக்காரன். ஒரு நாள் ஒருவன் வந்து லோண்டோவிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். பழைய பெருமை திரும்ப வேண்டும் என்கிறான் லோண்டோ. வரம் கேட்பவன் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும் என்று நம் புராணங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கின்றன!

வரம் பலிக்கிறது. அப்புறம் வருகிற ஒரு காட்சிக்காகவே இந்தத் தொடரை மன்னிக்கலாம். லோண்டோவின் கிழச் சக்கரவர்த்தி, தம் குலம் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்க வருகிறார், நோயில் விழுகிறார். அவரைக் கொல்லக் காத்திருந்த ஜி'காருக்கு அந்த மன்னிப்பு வாய்மொழியாக வந்து சேருகிறது. பகைமையெல்லாம் கரைந்து, லோண்டோவைத் தேடிப் போய், தானே மது வாங்கிக் கொடுத்து உபசரிக்கிறான். அதே வேளையில் ஜி'காரின் ஜனங்கள் வாழும் ஒரு குடியேற்றம் லோண்டோ போட்ட ஏற்பாட்டின்படி அழிந்துகொண்டிருக்கிறது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு லோண்டோ விழிக்கிற விழி இருக்கிறதே! என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். "அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியலை. நீங்களே பாருங்கோ" என்றாள்.

சிரிப்பும் உண்டு. விபத்தில் இருவரும் ஒரு லிப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். லோண்டோவை ஜி'கார் கொன்றால் பதிலுக்கு அவன் ஜனங்கள் ஐந்நூறு பேரைக் கொல்வார்கள் என்று சட்டம். ஆனால் லோண்டோ தானாகச் செத்தால்? ஜி'கார் தப்பிக்க ஒத்தாசை செய்ய மறுத்து, ஹாயாக உட்கார்ந்து சிரிக்கிறான்.

முதல் பகுதியிலேயே லோண்டோ தான் கண்ட சொப்பனத்தைச் சொல்லிவிடுகிறான்: கிழ வயதில், ஜி'காரின் கழுத்தைத் தான் நெரிக்க, தன் கழுத்தை அவன் நெரிக்கச் சாவேன் என்று. பகையின் உச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றாம் வருஷத்தில் அந்தக் காட்சியே வருகிறது. பார்த்தால், அது பகையே இல்லை. வேறொன்றின் அடிமையாகிவிட்ட கிழவன், என்னை விடுவித்துவிடு என்று நண்பனிடம் கேட்கிற யாசகம். ஒரு எழுத்து மாற்றாமல் அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிட்டார். இந்த ஒரு வித்தைக்காக என் நாலு நாவல்களையும் பண்டமாற்றுச் செய்ய நான் தயார்.

ஆனால் என் வக்காலத்தின் முக்கிய சாட்சி திரையில் வருவதல்ல.

முதல் வருஷம் நிலையத்தின் தளபதி சின்க்ளேராக நடித்தவர் மைக்கேல் ஓ'ஹேர். இரண்டாம் வருஷம் அவர் இல்லை, வேறு தளபதி. ஏன் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் பிய்த்து எடுத்தார்கள். ஸ்ட்ராஸின்ஸ்கி வாயைத் திறக்கவில்லை. 2012-ல் ஓ'ஹேர் காலமானார். மறு வருஷந்தான் விஷயம் வெளியே வந்தது. முதல் வருஷப் படப்பிடிப்பின்போதே ஓ'ஹேருக்குச் சித்தம் கலங்கத் தொடங்கியிருந்தது. இல்லாததெல்லாம் தெரிந்தது, கேட்டது. சிகிச்சைக்காகப் படப்பிடிப்பைச் சில மாதம் நிறுத்தி வைக்கிறேன் என்றாராம் ஸ்ட்ராஸின்ஸ்கி. மற்றவர்கள் பிழைப்புக் கெடும் என்று ஓ'ஹேர் மறுத்து, அந்த வருஷத்தை எப்படியோ முடித்துக்கொடுத்து விலகினார். பின்னால் உடம்பு சற்றுத் தேறியதும் திரும்ப வந்து, சின்க்ளேரின் கதையைப் பூர்த்தி செய்தார். இந்த ரகசியத்தை என் சமாதி வரை காப்பேன் என்று ஸ்ட்ராஸின்ஸ்கி சொன்னபோது, வேண்டாம், என் சமாதி வரை காத்தால் போதும், அப்புறம் சொல்லுங்கள், யாருக்காவது உபயோகப்படும் என்றாராம் ஓ'ஹேர்.

2013-ல் இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் என்னோடு இருந்த நண்பன் ஒருவனுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. ஓர் இரவு முழுவதும் என்னிடம் சொன்னான், இன்னொருவரிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு. நான் சொல்லவில்லை, எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஓர் அடையாளத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கதைக்கு உயிரே அதுதான் என்று பட்டது. என்ன அடையாளம் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும். கதைக்குப் பரிசு கிடைத்தது. அவன் ஆபீஸில் அதைப் படித்தார்கள். அவன் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "கதை நன்னாயிருக்குடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அப்புறம் வரவில்லை.

சொல்லியிருந்தால் ஸ்ட்ராஸின்ஸ்கிக்கு லாபம். ரசிகர்களின் ஏச்சு ஒரே நாளில் நின்றிருக்கும். பதினெட்டு வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தார். எழுதுகிறவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். செய்ததற்கெல்லாம் கணக்கு உண்டு என்று 110 பகுதிகளில் சொன்ன மனிதர், தம் சொந்தக் கணக்கிலும் கைசுத்தமாக இருந்திருக்கிறார்.

என் தொகுதியின் மறுபதிப்பில் அந்தக் கதையை எடுத்துவிட்டேன். பதிப்பாளருக்கு வருத்தம். நண்பனுக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பௌதிக நண்பர் மறுபடி வந்தார். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சண்டைக் கப்பல் ஒன்று, போன திசையிலேயே போய்க்கொண்டு, மூக்கை மட்டும் பின்னுக்குத் திருப்பிச் சுடுகிற காட்சியைப் போட்டுக் காட்டினேன். காற்றில்லாத இடத்தில் அப்படித்தான் நடக்கும் என்று ஒப்புக்கொண்டார். நிலையம் சுழல்வதால் கால் தரையில் நிற்கிறது, வாளித் தண்ணீரைச் சுழற்றினால் சிந்தாத மாதிரி என்று அவரே எனக்கு விளக்கினார்.

"பௌதிகம் பரவாயில்லை, ஸார்" என்றார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மயில்தோகை ஆசாமி என்ன ஆனான்?" என்று கேட்டார்.

டிஸ்க்குப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.